யாரும் சாகாத புத்தகம்

ஜூன் 3, செவ்வாய்

இன்று முதல் நான் சிறுவர்களுக்கும் பதின்பருவப் பிள்ளைகளுக்கும் புதுப் புத்தகம் பரிந்துரைக்கிற ஆள். இத்தனை காலம் பெரிய மனிதர்களைக் கேலி செய்து எழுதியதற்கு இது தண்டனையா, பதவி உயர்வா என்று கத்தரியிடம் கேட்டேன். எங்கள் ஞாயிறு இணைப்பின் ஆசிரியரை ஆபீஸ் முழுக்க அப்படித்தான் சொல்லும். எதைக் கொடுத்தாலும் பாதியாக்கித்தான் அச்சுக்கு அனுப்புவார்.

"அந்தப் பக்கத்தைப் பாத்துக்கிட்டிருந்த மேடம் பிரசவ லீவுல போயிட்டாங்க. உங்களுக்குத்தான் படிக்கிற பழக்கம் இருக்கே," என்றார், எனக்கு இருமல் இருக்கிறது என்று சொல்கிற குரலில்.

மேசைக்கு அடியில் ஓர் அட்டைப்பெட்டி நிறையப் புதுப் புத்தகங்கள். மேலே இருந்ததன் அட்டையில் ஒரு யானை பல் துலக்கிக்கொண்டிருந்தது. அதுவும் நானும் கொஞ்ச நேரம் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

ஜூன் 5, வியாழன்

பஸ்ஸில் என் நிறுத்தத்தை விட்டுவிட்டேன். அதற்குப் பிறகு வந்த எல்லாவற்றையும்.

காரணம், எழுத்தே இல்லாத ஒரு படப் புத்தகம். அதற்கு மதிப்புரை எழுத ஐந்து நிமிடம் போதும் என்றுதான் முதலில் எடுத்தேன். எல்லாப் பக்கத்திலும் அதே தெருமுனை, அதே கோணம். யாரோ ஒற்றைக் கையுறையைத் தவறவிடுகிறார்கள். இன்னொருவர் அதை எடுத்து வேலிக் கம்பியில் மாட்டிவிட்டுப் போகிறார். மழை. வெயில். பள்ளிக்கூடப் பிள்ளைகள். கையுறை அங்கேயே இருக்கிறது. கடைசிப் பக்கத்தில் ஒரு கிழவர் வந்து எடுத்துப் போட்டுக்கொள்கிறார். இவ்வளவுதானா என்று முதல் பக்கத்துக்குப் போனேன். அப்போதுதான் பின்னாலிருக்கும் கட்டடத்தின் உச்சி ஜன்னலில் அந்தக் கிழவர் தெரிந்தார். அடுத்த பக்கத்தில் ஒரு மாடி கீழே. அடுத்ததில் இன்னொன்று. புத்தகம் முழுக்க அந்த மனிதர் படியிறங்கிக்கொண்டே இருந்திருக்கிறார். பல வருடமாக வீட்டை விட்டு வெளியே வராதவராக இருக்க வேண்டும். நான் தெருவையே பார்த்துக்கொண்டிருந்தேன்!

"சார், கடைசி ஸ்டாப். இறங்குங்க." கண்டக்டர் குனிந்து புத்தகத்தைப் பார்த்தார். "எழுத்தே இல்லையே சார், இதையா இவ்வளவு நேரம் படிச்சீங்க?"

"பாதிதான் முடிஞ்சிருக்கு," என்றேன். நிஜமாகவே.

ஜூன் 8, ஞாயிறு

இந்தப் பெட்டியால் வீட்டுக்கு ஒரு பயன் இருக்குமோ என்று தோன்றியது. வக்கீலுக்காக.

வக்கீல் என் அக்கா மகள். வயது பதின்மூன்று. பேச ஆரம்பித்த நாளிலிருந்து குறுக்கு விசாரணைதான். பட்டம் கொடுத்தது அத்தான். அவர் லிஃப்ட் மெக்கானிக். பகலெல்லாம் ஊரை மேலே ஏற்றி இறக்கிவிட்டு, சாப்பாடு முடிந்ததும் மகளுக்குக் கதை படிப்பார். ராஜா, கழுதை, சூனியக்காரி, எல்லாருக்கும் ஒரே குரல். "கொஞ்சம் தள்ளி நில்லுங்க, கதவு மூடுது" என்கிற அதே குரல். போன வருடம் நெஞ்சு அடைக்கிறது என்று ஆஸ்பத்திரிக்குப் போனவர் திரும்பி வரவில்லை. சில நாள் துணைக்கு என்று நான் இங்கே வந்தேன். என் பெட்டியை இன்னும் முழுசாகப் பிரிக்கவில்லை. யாரும் போ என்றும் சொல்லவில்லை.

அன்றிலிருந்து வக்கீல் ஒரு கதைப் புத்தகத்தையும் தொடவில்லை. அத்தான் பாதி படித்தது அலமாரியில் இருக்கிறது, நடுவில் ஒரு பஸ் டிக்கெட்டோடு. தூசு தட்டும்போதுகூட அக்கா அதைச் சுற்றித்தான் தட்டுகிறாள்.

இன்று மூன்று புதுப் புத்தகங்களை வக்கீல் முன் வைத்தேன்.

"மாமா, இதுல யாராவது சாவாங்களா?"

புரட்டிப் பார்த்தேன். ஒன்றில் அம்மா, முதல் அத்தியாயத்திலேயே. இன்னொன்றில் அப்பா அம்மா இருவரும், புயலில். மூன்றாவதில் நாய்.

"அப்ப வேண்டாம் மாமா." கோபமெல்லாம் இல்லை. டீ வேண்டாம் என்பது போலச் சொன்னாள்.

சமையலறையில் அக்கா: "பழையபடி அவ ஒரு புத்தகத்தைத் திறந்தாப் போதும்டா. பரீட்சையில முட்டை வாங்கினாக்கூட ஒண்ணும் சொல்ல மாட்டேன்." அக்கா கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிப்பவள். நாள் முழுக்க அடுத்தவர்களைப் படிக்கச் சொல்லிவிட்டு வருகிறவளால் வீட்டில் ஒருத்தியைப் படிக்கவைக்க முடியவில்லை.

யாரும் சாகாத ஒரு புத்தகம். அவ்வளவுதானே? தேடிவிட்டால் போகிறது.

ஜூன் 12, வியாழன்

இது யாரும் சாகாத புத்தகம்தான். கதாபாத்திரம் சுவரில் வளரும் கல்பாசி. பாறையிலும் சுவரிலும் சாம்பலும் பச்சையுமாகப் படர்ந்திருக்குமே, அது. அது ஒரே உயிர் இல்லையாம். இரண்டு உயிர்கள் சேர்ந்து நடத்தும் குடித்தனமாம். ஒன்று வீடு கட்டுகிறது, ஒன்று சமைக்கிறது. நம் நகம் வளரும் வேகத்தைப் பார்த்தால் அதற்குத் தலை சுற்றிவிடும், அவ்வளவு மெதுவாக வளருமாம். பத்து வயதுக்காரர்களுக்கு எழுதியது. எனக்கு இது தெரியாது. இத்தனை நாளாக இந்த வாசலில் போய் வருகிறேன்.

சாயங்காலம் அக்காவின் பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு காம்பவுண்டுச் சுவர் முன் மண்டியிட்டேன். ஓர் ஊரே இருக்கிறது அங்கே. கிண்ணம் கிண்ணமாக, ஓரம் சுருண்டு, ஆரஞ்சில் புள்ளி வைத்து. யாரும் பார்க்காவிட்டாலும் இவ்வளவு அலங்காரம் எதற்கு?

பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். "சாவி தொலைஞ்சிடுச்சா சார்?"

"இல்ல சார், கண்டுபிடிச்சிட்டேன்," என்றேன். அவர் சந்தேகத்தோடு உள்ளே போனார்.

வக்கீல் ஜன்னலிலிருந்து பார்த்தாள். கீழே வரவில்லை. "கதையா அது?" என்றாள். இல்லை என்றேன். "யாரும் சாகாத கதையாச் சொல்லுங்க."

ஜூன் 19, வியாழன்

சிறுவர் நாவலாசிரியர்களுக்குப் பெற்றோரைக் கண்டால் ஆகவே ஆகாது. கப்பலில் போனால் கப்பல் மூழ்கும். வீட்டில் இருந்தால் வீடு எரியும். ஒரு புத்தகத்தில் ஜாக்கிரதையாகத் தோட்டத்தில் உட்கார்ந்திருந்த ஓர் அப்பாவின் மேல் மரம் விழுகிறது. அவர்களைத் தீர்த்துக்கட்டினால்தான் பிள்ளைகளுக்குச் சாகசம் செய்ய நேரம் கிடைக்கும் போலிருக்கிறது; இருந்தால் "பல் துலக்கினியா" என்று கேட்டே கதையைக் கெடுத்துவிடுவார்கள்.

பதின்பருவ நாவல்களில் கொஞ்சம் முன்னேற்றம். அங்கே பெற்றோர் உயிரோடு இருக்கிறார்கள், நண்பன் சாகிறான்.

கத்தரி கேட்டார்: "என்ன சார், பெட்டியே காலியாயிடுச்சு? போன மேடம்கூட இவ்வளவு படிச்சதில்ல."

"ஒரு அப்பாவைத் தேடறேன்."

"கிடைச்சா எனக்கும் சொல்லுங்க," என்று சிரித்துவிட்டு, என் பத்தியில் பாதியை வெட்டினார்.

ஜூன் 21, சனி

உயிரோடு இருக்கும் ஓர் அப்பா கிடைத்தார். அத்தியாயம் ஏழில் பாம்பு.

ஜூன் 24, செவ்வாய்

எங்கிருந்து தொடங்குவது.

காலையில் ஒரு நாவலின் முன்பிரதி வந்தது. புத்தகம் கடைக்கு வருவதற்கு முன்பே விமர்சகர்களுக்கு அனுப்புவது. வெறும் வெள்ளை அட்டை, "விற்பனைக்கு அல்ல" என்று ரப்பர் முத்திரை. எழுதியவர் ஒரு நர்ஸ். முதல் புத்தகம்.

ஒரு சிறுமி. அவள் அப்பா கட்டுமான இடத்தில் உயரக் கிரேன் ஓட்டுகிறவர். அவள் பள்ளிக்கூட மொட்டை மாடியிலிருந்து பார்த்தால் அந்தக் கிரேன் தெரியும். இடைவேளையில் அவள் மாடியேறி ஒரு மஞ்சள் துணியைத் தூக்கிக் காட்டுவாள். அவர் அவ்வளவு உயரத்திலிருந்து கொக்கியை லேசாக ஓர் ஆட்டு ஆட்டுவார். ஊரில் அத்தனை பேர் பார்க்க, அந்தக் கொக்கி யாருக்காக ஆடுகிறது என்று இரண்டு பேருக்கு மட்டும் தெரியும். இதற்குமேல் பெரிதாக எதுவும் நடக்கவில்லை. கட்டடம் வளர்கிறது. அவள் வளர்கிறாள். ஒரு கட்டத்தில் துணியைத் தூக்க வெட்கப்படுகிறாள். பிறகு வெட்கப்பட்டதற்காக வெட்கப்படுகிறாள். மத்தியானச் சாப்பாட்டை மறந்து படித்தேன். சக ஊழியர்கள் என்னைச் சுற்றிப் போனதாக ஞாபகம்.

முடிவு! "அவள் மஞ்சள் துணியை உயர்த்திப் பிடித்தாள். காற்று நின்றிருந்தது. பதிலுக்காகக் காத்திருந்தாள்." அங்கே முடித்துவிட்டார். கொக்கி ஆடியதா இல்லையா என்று சொல்லவே இல்லை. என்ன நெஞ்சழுத்தம் இந்த அம்மாவுக்கு! படிக்கிற பிள்ளைகள் மேல் எவ்வளவு நம்பிக்கை!

எழுதிக் கொடுத்தேன்: "தமக்குத் தெரிந்ததையெல்லாம் சொல்லித் தீர்க்கும் நம் எழுத்தாளர்கள் இந்தத் துணிச்சலான முடிவின் முன் கொஞ்சம் கைகட்டி நிற்கலாம்."

முக்கியமாக, அப்பா சாகவில்லை.

ஜூலை 6, ஞாயிறு

பக்கம் வெளிவந்தது. அச்சான புத்தகமும் கடைக்கு வந்துவிட்டது. முத்திரை குத்திய பிரதியைக் கொடுக்க மனமில்லாமல் புதிதாக ஒன்று வாங்கினேன். அட்டையில் மஞ்சள் துணி. கடைக்காரர் காகிதம் சுற்றிக் கொடுத்ததை அப்படியே வக்கீலிடம் நீட்டினேன்.

"யாராவது—"

"யாருமே சாகல. நாய்கூடக் கிடையாது."

"நல்லாத் தெரியுமா?"

"ஒரு வரி விடாமப் படிச்சேன். சத்தியமா."

கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தாள். சாட்சியை நம்பலாமா என்று. பிறகு வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். கதவைச் சாத்திக்கொண்டாள். பக்கம் திருப்புகிற சத்தம்! அக்கா கூடத்தில் நின்று, இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

ஜூலை 8, செவ்வாய்

நாவல் எழுதிய நர்ஸ் ஆபீசுக்குப் போன் செய்தார்.

"ரொம்ப நன்றி சார். அவ்வளவு நல்லா எழுதியிருந்தீங்க. ஒரே ஒரு சந்தேகம். கடைசிப் பதினாறு பக்கத்தை நீங்க படிச்சீங்களா?"

எந்தப் பதினாறு பக்கம்?

அச்சகத்தில் பதினாறு பக்கங்களை ஒரே தாளில் அச்சடித்து மடிப்பார்கள். ஃபாரம் என்பார்கள். முன்பிரதிகளைத் தைக்கும்போது கடைசி ஃபாரத்தை விட்டுவிட்டிருக்கிறார்கள். பதிப்பாளரிடம் போனில் கத்தினேன். அவர் நிதானமாக, "எல்லா விமர்சகர்களுக்கும் அதே பிரதிதான் சார் போச்சு. ஒருத்தர்கூடக் கேக்கல. நாலு பேர் முடிவு பிரமாதம்னு எழுதியிருக்காங்க," என்றார்.

துணிச்சலான முடிவு. பைண்டிங் பிரிவின் துணிச்சல்.

"அந்தப் பதினாறு பக்கத்துல என்னங்க இருக்கு?" என்று நர்ஸிடம் கேட்டிருந்தேன். எனக்கே தெரிந்துவிட்டது, ஆனாலும் கேட்டேன்.

"அவர் கிரேன் கேபின்லயே இறந்துடறாரு சார். அவரைக் கீழ இறக்குறாங்க. அதைச் சொல்றதுக்குத்தான் நான் புத்தகமே எழுதினேன்."

எப்படி வீட்டுக்கு வந்தேன் என்று தெரியவில்லை. செருப்பைக் கழற்றாமலே உள்ளே ஓடினேன். புத்தகம் சாப்பாட்டு மேசையில் இருந்தது. மூடி, அட்டை மேலாக. படித்து முடித்தவர்கள் வைப்பது போல.

வக்கீல் அறைக் கதவு சாத்தியிருந்தது. நான் வாசலில் நின்று "அம்மாடி" என்றேன். நல்லாத் தெரியுமான்னு கேட்டாளேடா. கேட்டப்ப சத்தியமே பண்ணினியே, படிக்கத் தெரிஞ்ச நாயே—

ஜூலை 9, புதன்

வக்கீல் என்னோடு பேசவில்லை. பள்ளிக்குப் போனாள், வந்தாள். அக்காவிடம் நடந்ததைச் சொன்னேன். என் டம்ளரையும் சேர்த்துக் கழுவி வைத்தாள். திட்டியிருக்கலாம்.

ஜூலை 12, சனி

பள்ளி விடுமுறை. அக்கா கடைக்குப் போயிருந்தாள். நான் மாடிப்படியில் உட்கார்ந்து அந்தப் பதினாறு பக்கங்களை நாலாவது முறையாகப் படித்துக்கொண்டிருந்தேன். வக்கீல் வந்து இரண்டு படி கீழே உட்கார்ந்தாள்.

"உங்க புத்தகத்தைக் காட்டுங்க. வெள்ளை அட்டை."

கொண்டுவந்து கொடுத்தேன். கடைசிப் பக்கத்தைத் திறந்து, தையல் ஓரத்தை விரலால் தடவிப் பார்த்தாள். கிழித்த தடயம் இருக்கிறதா என்று தேடுகிறாள். எனக்குப் புரிய ஒரு நிமிடம் ஆனது.

"நான் கிழிக்கலம்மா. அவங்களே தைக்காம விட்டுட்டாங்க. எனக்கு நிஜமாவே தெரியாது."

"நீங்க வேணும்னேதான் சொல்லலைன்னு நினைச்சேன். அப்பா மாதிரி."

"அப்பாவா?"

"யாராவது சாகுற பக்கம் வந்தா அப்பா தாண்டிப் படிச்சிடுவாரு மாமா. யாரோ ஆஸ்பத்திரியில இருப்பாங்க, அடுத்த வரில எல்லாரும் வீட்டுல டீ குடிச்சிட்டிருப்பாங்க. ஒரு சிங்கக் கதையில சிங்கத்தையே காணோம். கேட்டா, வேலை கிடைச்சு வெளியூர் போயிடுச்சுன்னு சொன்னாரு."

நான் சிரித்துவிட்டேன். அவளும்தான்.

"உனக்குத் தெரியுமா அப்பவே?"

"மறுநாள் காலையில எடுத்துப் படிச்சிடுவேனே. சிங்கம் பாவம். ஆனா அவர்கிட்ட சொல்ல மாட்டேன். கஷ்டப்பட்டு யோசிச்சு மாத்துறாரு இல்ல?"

பிறகு நான் இத்தனை நாளாகக் கேட்டிருக்க வேண்டியதைக் கேட்டேன். "எல்லாத்தையும் நீதான் படிச்சிருக்கியே. அப்புறம் ஏன் யாராவது சாவாங்களான்னு கேக்குற?"

"முன்னாடின்னா எனக்குத் தாண்டிப் படிக்க ஆள் இருந்தாரு," என்றாள்.

நான் படியின் விளிம்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சிமெண்டில் ஒரு சின்ன விரிசல். அதிலும் பாசி.

அவள் வெள்ளைப் புத்தகத்தை மூடினாள். "நல்ல புத்தகம் மாமா. அந்தப் பொண்ணு, கீழ எல்லாரும் அழுதுட்டிருக்கப்ப, உக்காந்து பென்சிலையெல்லாம் சீவுறா பாருங்க. பெட்டில இருக்கிற எல்லாத்தையும். அது கரெக்டா இருக்கு. நானும் அன்னிக்கு என் ஷூவுக்கு பாலிஷ் போட்டேன். ஸ்கூலே இல்ல அன்னிக்கு. இதெல்லாம் அவங்களுக்கு எப்படித் தெரியும்?"

தெரியவில்லை. வாழ்நாளெல்லாம் படித்தவன் நான். அந்தப் பென்சில்களை நாலு முறையும் தாண்டிப் போயிருக்கிறேன். கையுறையைப் பார்த்துவிட்டுக் கிழவரை விட்ட அதே கண்.

"அழுதியா?"

"ம். ரெண்டாவது தடவை படிக்கறப்ப." எழுந்து பாவாடையைத் தட்டிக்கொண்டாள். "இந்த வெள்ளைப் புத்தகத்தை நான் வச்சுக்கட்டுமா? இதுல இன்னும் அவர் மேலதான இருக்காரு."

ஜூலை 13, ஞாயிறு

அடுத்த வாரத்துக்குத் திருத்தம் எழுதினேன்:

"கிரேன் ஓட்டுநரைப் பற்றிய நாவலின் துணிச்சலான முடிவை இங்கே புகழ்ந்திருந்தேன். அது முடிவு அல்ல. எனக்கு வந்த பிரதியில் கடைசிப் பதினாறு பக்கங்கள் இல்லை. இல்லாததை நான் கவனிக்கவும் இல்லை. அந்தப் பக்கங்களில் ஓர் அப்பா இறக்கிறார். ஒரு சிறுமி பென்சில் சீவுகிறாள். தெரிந்துகொண்டு வாங்குங்கள். ஆனால் வாங்குங்கள்."

வக்கீல் படித்துப் பார்த்துவிட்டு, "இனிமே எல்லாப் புத்தகத்துக்குக் கீழயும் போடுங்க. யாராவது சாவாங்களா, இல்லையான்னு. விலை போடுறீங்க, இதைப் போட மாட்டேங்கறீங்க," என்றாள்.

ஜூலை 15, செவ்வாய்

கத்தரியிடம் திருத்தத்தைக் கொடுத்தேன். பேனாவை எடுத்தார். ஒருமுறை படித்தார். இன்னொரு முறை படித்தார். பேனாவை மூடினார்.

"முழுசாப் போகட்டும்," என்றார். ஆபீஸ் சரித்திரத்தில் இல்லாத நிகழ்ச்சி. அக்கம்பக்க மேசைக்காரர்கள் எழுந்து பார்த்தார்கள்.

ஜூலை 20, ஞாயிறு

திருத்தம் வந்தது. காலையில் வக்கீல் குளித்துக்கொண்டிருந்தபோது அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தாள்.

"ஒரு அப்பா இறக்கிறார்னு பேப்பர்லயே போட்டுட்டியேடா."

"போடணும்ல."

"போடணும்தான்." மடித்து மேசை இழுப்பறையில் வைத்துவிட்டாள். "பென்சில் சீவுதாமா அந்தப் பொண்ணு?"

"ஆமா."

"இவ ஷூ பாலிஷ் போட்டா அன்னிக்கு. நான் பாத்தேன்," என்றாள் அக்கா.

ஜூலை 22, செவ்வாய்

வக்கீல் சொன்ன வரியை ஞாயிறிலிருந்து போடுகிறோம். அதற்கு முதல் வாசகர் போன். சின்னக் குரல், யாருடைய குழந்தையோ. "அங்கிள், யாரும் இறக்கவில்லைன்னு போட்டிருக்கீங்களே, அந்த ஆமை?" போனைப் பிடித்திருக்கச் சொல்லிவிட்டு ஆமைப் புத்தகத்தைக் கடைசி அட்டை வரை புரட்டினேன். தையலையும் எண்ணிப் பார்த்தேன். ஆமை நலம்.

ஜூலை 27, ஞாயிறு

மத்தியானம். மழை. நான் கூடத்து மூலையில் அடுத்த பெட்டியைப் பிரித்துக்கொண்டிருந்தேன். அக்கா சோபாவில் கால் நீட்டிக் கண்ணை மூடியிருந்தாள். வாரமெல்லாம் மற்றவர்கள் கண்ணைப் பார்த்த களைப்பு. வக்கீல் தரையில், மஞ்சள் துணி போட்ட அட்டைப் புத்தகத்தோடு. இரண்டு வாரமாக ஞாயிறுதோறும் அம்மாவுக்குப் படித்துக் காட்டுகிறாள். நான் கேட்காதது போல இருப்பேன்.

சிறுமி, அப்பா, மேஸ்திரி, தலைமையாசிரியை, எல்லாருக்கும் ஒரே குரல். கொஞ்சம் தள்ளி நில்லுங்க, கதவு மூடுது.

"அவள் மஞ்சள் துணியை உயர்த்திப் பிடித்தாள். காற்று நின்றிருந்தது. பதிலுக்காகக் காத்திருந்தாள்."

நிறுத்தினாள். மழைச் சத்தம். நான் தலையைத் தூக்காமல் காதை மட்டும் அங்கே வைத்தேன். புத்தகம் மூடும் சத்தம் கேட்டது.

"அவ்வளவுதாம்மா."

"அவ்வளவுதானா? அவர் கொக்கியை ஆட்டினாரா, இல்லையா?"

"அதைச் சொல்லலம்மா. அப்படியே விட்டுட்டாங்க. துணிச்சலான முடிவுன்னு மாமாகூடப் பேப்பர்ல எழுதியிருந்தாரே."

இழுப்பறையில் திருத்தம் இருக்கிறது. அக்கா கண்ணைத் திறக்கவில்லை.

"ஆட்டியிருப்பாரு," என்றாள். "நல்ல முடிவுதான்."

வக்கீல் என்னைப் பார்த்தாள். நான் பெட்டிக்குள் தலையை விட்டு ரொம்ப நேரம் எதையோ தேடினேன்.

ஆகஸ்ட் 6, புதன்

அலமாரியில் அத்தான் பாதியில் விட்ட புத்தகத்தில் பஸ் டிக்கெட் இடம் மாறியிருக்கிறது. நிறையப் பக்கம் தள்ளி. நடுவில் எதையெல்லாம் தாண்டினார்கள் என்று நான் கேட்கவில்லை.